அங்கியே குந்துங்க, பாய்

ரயில் டிப்போவிலிருந்து டிரைவர் கவிதா போன் செய்தாள். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் என் வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. சாலை மேட்டுக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றால்தான் பேச்சு கேட்கும். அப்படி நின்றுதான் கேட்டேன்.

“சார், புது லைன்ல டிரைவரே கிடையாதாம் சார். வண்டி தானா வருமாம், தானா போவுமாம். நாங்கல்லாம் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடறோம். நீங்க அந்த பாய் விஷயத்தை எழுதிக் குடுங்க. மனுசன் உள்ள இருந்ததாலதான சார் அன்னிக்கி அப்படி நடந்துச்சு?”

“ஆமாம்மா, மனுசன் இருந்ததாலதான் நடந்துச்சு” என்றேன். நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லவும் இல்லை. இப்போது எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

பட்டணத்துச் சுரங்க ரயிலில் நான் டிரைவராக இருந்தவன். எந்தப் பட்டணம் என்று கேட்காதீர்கள்; பென்ஷன் வாங்குகிறவன் வாயை அடக்கத்தான் வேண்டும். அடிவாரத்தில் விடுதியில் தங்கிப் படித்து, பாலிடெக்னிக் முடித்து, பெரிய ரயிலில் உதவி டிரைவராகச் சேர்ந்தேன். கூட்ஸ் ஓட்டினேன், பாசஞ்சர் ஓட்டினேன். தலை நரைத்த பிறகு சுரங்க ரயிலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பட்டணத்துக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, வீடியோ கேம் போல ஒரு பொய் ரயிலை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். பாஸ் என்றார்கள். பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

நிஜ ரயிலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, ஓட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்று. வேகத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பிரேக்கை அதுவே போடும். பிளாட்பாரத்தில் கதவுக்கு நேராக அதுவே நிறுத்தும். எனக்கு மிச்சம் வைத்தது இரண்டே வேலை. கதவை மூட வேண்டும், மூடிய பிறகு கிளம்பு என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். “லிஃப்ட்காரன் வேலைய ரயிலு ஓட்டறேன்னு சொல்லிக்கினு திரியறியே மாமா” என்று என் மச்சான் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் கிண்டல் செய்வான். எரிச்சலாக இருக்கும். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

அந்த இரண்டு வேலையில் ஒன்றில்தான் நான் வம்பில் மாட்டினேன்.

எங்கள் மலையில் பஸ் எப்போதாவதுதான் வரும். அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. பஸ் கிளம்புகிற நேரத்தில் தூரத்தில் யாராவது ஓடி வருவது தெரிந்தால், பார்த்தவர் யாராக இருந்தாலும் “ஆளு வருது!” என்று குரல் கொடுப்பார். டிரைவர் நிறுத்திவிடுவார். வருகிறவர் கட்டுச்சுமையோடு மூச்சு வாங்க ஏறுகிறவரை யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். விட்டால் அந்த ஆள் நாள் முழுக்க நடக்க வேண்டும். நாளைக்கு ஓடி வருவது நாமாகவும் இருக்கலாம். இதற்கு மேல் இதில் நியாயம் பேச ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த குரல்.

கேபினில் எனக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கும். பிளாட்பாரம் முழுக்க அதில் தெரியும். கதவை மூடப் பொத்தானில் விரலை வைப்பேன். படிக்கட்டில் ஒரு பெண் பையை இடுக்கிக்கொண்டு ஓடி வருவாள். என் மண்டைக்குள் குரல் கேட்டுவிடும், ஆளு வருது. விரல் நின்றுவிடும். அவள் ஏறுவதற்குள் இன்னொருவன் ஓடி வருவான். பட்டணத்தில் ஆள் வருவது எப்போது ஐயா நிற்கும்?

பத்மாவதி மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கட்டுப்பாட்டு அறைக்கு அவர்தான் தலைமை. சித்தூர்ப் பக்கத்துக்காரர். கத்த மாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி நிதானமாகப் பேசுவார். யாரையாவது கண்டிக்கப் போகிறார் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். தண்ணீர் வந்தாலே நமக்கு விஷயம் புரிந்துவிடும்.

“கோவிந்தன், நீங்க ஏன் கதவைப் பிடிச்சு வைக்கிறீங்க?”

“ஆளு வந்துச்சு மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து பெரிய திரைக்கு முன்னால் கூட்டிப் போனார். லைன் முழுக்க வண்டிகள் சின்னச் சின்ன வெளிச்சமாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு வெளிச்சத்தைத் தொட்டுக் காட்டினார். “இது நேத்து நீங்க. இது உங்களுக்குப் பின்னாடி. நீங்க நின்னதால இது சுரங்கத்துக்குள்ள நின்னுச்சு. இது நின்னதால அதுக்குப் பின்னாடி அது. உங்களுக்கு ஓடி வர்ற ஒரு ஆள் தெரியுது. எனக்கு இருட்டுல நிக்கிற இத்தனை பேரு தெரியுது. அவங்க ஓடி வந்து உங்க கண்ணுல படல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

திரையில் அந்த வெளிச்சங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

மைக் விஷயத்திலும் அவருக்கு ஒரு கட்டளை உண்டு. வண்டி நின்றால் டிரைவர் பயணிகளிடம் பேசலாம். ஆனால், “காரணத்தைச் சொல்லுங்க. நேரத்தைச் சொல்லாதீங்க. வாக்கு மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க. குடுத்த வாக்கைக் காப்பாத்தறது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்ல.” இதை எல்லா டிரைவர்களிடமும் ஒரே மாதிரி சொல்வார். சொல்லி முடித்துவிட்டு, தெலுங்கில் “சரே” என்று கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் திருந்தினேன். முழுக்கத் திருந்தவில்லை.

காதர் பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும் அந்தக் காலத்தில்தான் பழக்கமானார்கள். பாய்க்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, சர்க்கரையில் கண்ணும் பாதி போய்விட்டது. டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை அந்தம்மா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். ஆஸ்பத்திரியில் அவர்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தவறிப் போனால் அந்த மிசினில் அடுத்தவரைப் போட்டுவிடுவார்கள். ஆகையால் சுரங்க ரயிலில் தாமதம் என்றால் மற்றவர்களுக்கு ஆபீசில் திட்டு, இவர்களுக்கு உடம்பில் அடி.

நான் அவர்களைத் தெரிந்துகொண்டது திட்டு வாங்கித்தான். ஒருநாள் கதவு மூடுகிற நேரத்தில் அந்தம்மா பாயை உள்ளே தள்ளிவிட்டு, என் கேபின் ஜன்னலைத் தட்டினார்.

“இன்னா டிரைவரு, மனுசங்களுக்கா கதவு வெச்சிக்கீறீங்க, எலிக்கா? ஏறதுக்குள்ள சாத்தறீங்க!”

‘இன்னா’ என்ற அந்த ஒரு சொல் போதாதா? நான் சிரித்துவிட்டேன். “எந்த ஊரு பாயம்மா?”

“வாணியம்பாடி. அத்த கேட்டு இன்னா பண்ணப் போறீங்க?”

“நான் ஜவ்வாது மலை. நம்ம பக்கம்தான்.”

“அப்ப நீங்களே இப்பிடிப் பண்லாமா?” என்றார். கோபம் போய்விட்டது.

அன்றிலிருந்து முதல் பெட்டியில்தான் ஏறுவார்கள். பாய் கேபின் கண்ணாடியை விரலால் தட்டி, “டிரைவரு கீறாரா?” என்பார். “கீறேன் பாய், ஏறுங்க” என்பேன். தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அந்தம்மா பாயைத் திட்டிக்கொண்டே வருவார், பாய் ரசித்துக்கொண்டே வருவார். “இவ திட்டலன்னா எனக்கு வழி தெரியாது டிரைவரு. சத்தம் வர்ற பக்கமா நடந்துக்கினே இருப்பேன்” என்று ஒருமுறை சொன்னார். அவர்கள் வருகிற நாளில் கதவைக் கொஞ்சம் பிடித்து வைப்பேன். பத்மாவதி மேடத்துக்கும் தெரியும். கேட்கவில்லை.

ஆனால் பயணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். என்ன திட்டு, என்ன திட்டு! வண்டி கொஞ்சம் நின்றால் போதும், போனை எடுத்துக் கம்பெனியை நாறடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற வரைக்கும் “கதவ சாத்திட்டுக் கெளம்புய்யா.” வெளியே ஓடி வருகிறபோது அதே ஆள், “ரெண்டு நிமிசம் நிறுத்தினா கொறைஞ்சா பூடுவே?” இரண்டு பேருமே நியாயமாகத்தான் பேசுவார்கள். நான் நடுவில் கிடந்து மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கினேன். டிக்கெட் கேட்டில் கார்டு வேலை செய்யாது, லிஃப்டில் பழுது என்று பலகை தொங்கும், ஏறுகிற படிக்கட்டு நின்றிருக்கும். எல்லாக் கோபமும் கடைசியில் கண்ணில் படுகிற மனிதன்மேல்தான் இறங்கும். மிசினைத் திட்டினால் அதற்கு ரோஷமா வரப்போகிறது?

திட்டு அதிகமாகவே மேலே ஒரு முடிவு எடுத்தார்கள். தாமதத்துக்குக் காரணம் கதவு, கதவுக்குக் காரணம் டிரைவர். ஆகவே கதவையும் கம்ப்யூட்டருக்கே கொடுத்துவிட்டார்கள். நேரம் ஆனதும் அதுவே சாத்திக்கொள்ளும். நடுவில் கை மாட்டினால் மட்டும் திறக்கும். ஒருமுறை சாத்திப் பூட்டிக்கொண்டால், மறுபடி திறக்க நான் வயர்லெஸ்ஸில் கேட்டு, மேலே உத்தரவு கொடுக்க வேண்டும். தாமதம் நிஜமாகவே குறைந்தது, அதை மறைப்பானேன்? எனக்குக் கிளம்பு பொத்தான் மட்டும் மிஞ்சியது. மைக்கும் இருந்தது. ஆனால் அறிவிப்புகளைக்கூட ஒரு பதிவுக் குரல் சொல்ல ஆரம்பித்துவிட்டது. “தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். ரயில் சற்று நேரத்தில் புறப்படும்.” புறப்படுமோ புறப்படாதோ, அந்தக் குரலுக்குக் கவலையில்லை. சொல்லிக்கொண்டே இருக்கும். பயணிகள் அதற்குப் ‘புளுகுணி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலிருந்தே சிக்னல் சரியில்லை. வண்டிகள் விட்டு விட்டுத்தான் நகர்ந்தன. எனக்குப் பின்னால் வந்த வண்டி சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கிவிட்டாள் என்று வயர்லெஸ்ஸில் பேச்சு ஓடியது. நான் பாய் ஏறுகிற ஸ்டேஷனில் நின்றேன். பிளாட்பாரத்தில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம்.

கேபின் கண்ணாடியில் விரல் தட்டியது. “டிரைவரு கீறாரா?”

“கீறேன் பாய், ஏறுங்க. பாயம்மா எங்க?”

பாய் கையால் பின்பக்கம் காட்டினார். முகம் வீங்கி இருந்தது, மூச்சு இழுத்தது. முந்தின முறையும் ரயில் தாமதத்தில் மிசின் நேரம் தவறிப்போய்விட்டது என்று அன்று திரும்பும்போதே அந்தம்மா சொல்லியிருந்தார். யாரோ கை கொடுத்து அவரை உள்ளே ஏற்றிவிட்டார்கள். திரையைப் பார்த்தேன். படிக்கட்டில் நூர்ஜஹான் ஓடி வந்துகொண்டிருந்தார். முக்காடு கழன்று தோளில் கிடந்தது.

மண்டைக்குள் அந்தக் குரல் கேட்டது. ஆனால் என் விரலுக்கு வேலை இல்லை. கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. அந்தம்மா வந்து கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தார். உள்ளே பாய் வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். “மேடம், கண்ணு தெரியாத பேஷண்ட் உள்ள மாட்டிக்கினாரு, சம்சாரம் வெளிய நிக்கிறாங்க. கதவத் தொறக்க உத்தரவு குடுங்க.”

“முடியாது கோவிந்தன். பின்னாடி வண்டி பிளாட்பாரத்துக்கு வந்தே ஆகணும். உடனே கிளம்புங்க. அந்தப் பேஷண்டை நான் பாத்துக்கறேன்.”

“மேடம்...”

“கிளம்புங்க.”

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். பொத்தானை அமுக்கினேன். ஆனால் வண்டி நகர்ந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. மைக்கை எடுத்தேன். பதிவுக் குரல் போல எனக்குப் பேச வராது, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். வண்டி முழுக்கக் கேட்டது. முதல் பெட்டியில் அத்தனை பேரும் சட்டென்று அமைதியானார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஒரு பையன் போனில் வீடியோ படமும் எடுத்துவிட்டான்.

அடுத்த ஸ்டேஷனில் பயணிகளே பாயைக் கைத்தாங்கலாக இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள். பாய் என் கேபின் பக்கமாகத் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினார். அட, மனிதன் மனிதன்தானடா என்று பூரித்துப் போய் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பூரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

வேலை முடிந்து கட்டுப்பாட்டு அறை வழியாகப் போனேன். பத்மாவதி மேடம் கூப்பிட்டார். தண்ணீர் தரவில்லை. கடிகாரத்தையும் கழற்றவில்லை.

“நான் ஆட்டோ நிறுத்தி வெச்சிருந்தேன், கோவிந்தன்” என்றார்.

அவர் என்ன செய்திருந்தார் என்றால், என்னைக் கிளம்பச் சொன்ன கையோடு அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருக்கிறார். அங்கே வேலையில் இருந்த பெண் சக்கர நாற்காலியோடு பிளாட்பாரத்துக்கு வந்திருக்கிறாள். மேலே வாசலில் ஆட்டோ. ஆஸ்பத்திரிக்கும் சொல்லி, நேரத்தைப் பிடித்து வைக்கக் கேட்டிருக்கிறார். உடனே போயிருந்தால் பாய்க்கு மிசின் கிடைத்திருக்கும்.

பாய் வரவில்லை. “டிரைவரு சொல்லிட்டாரும்மா, அங்கியே குந்துன்னு. எங்கியும் போவாதேன்னாரு. அவ வருவா. நான் போய்ட்டா அவ இங்க வந்து தேடுவா” என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். அந்தப் பெண் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். உங்கள் மனைவியை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறோம் என்றிருக்கிறாள். தலைக்கு மேலே பதிவுக் குரல் ரயில் சற்று நேரத்தில் வரும், சற்று நேரத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது, அவர் எப்படி அவளை நம்புவார்? பாய்க்குக் கம்பெனிச் சீருடை போட்டவர்கள் சொல்வதெல்லாம் மிசின் சொல்வதாகிவிட்டது. என் ஒருவனின் பேச்சு மட்டும்தான் மனிதன் பேச்சு.

அந்தம்மா ஏறிய வண்டியோ நடுச் சுரங்கத்தில் நின்றுவிட்டது. உள்ளே போன் எடுக்காது. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச வைத்திருந்தால் பாய் எழுந்திருப்பார். ஆனால் லைன் முழுக்க வண்டிகள் நின்று கிடந்த நேரத்தில் அதை யார் யோசிப்பது? அந்தம்மா வந்து சேர்ந்து, இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிசினில் வேறொருவர் படுத்திருந்தார். மறுநாள் காலையில் வரச் சொன்னார்களாம். பாய் அன்றிரவு வீட்டிலேயே போய்விட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குச் சால்வை போர்த்தினார்கள், ஐயா. அந்தப் பையன் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. ‘மிசின் உலகத்தில் ஒரு மனிதக் குரல்’ என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். பாய் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. ஆபீசில் கூட்டம் வைத்து, பெரிய அதிகாரி கைகுலுக்கினார். பத்மாவதி மேடம் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். மைக் கட்டளையை மீறியதற்கு அவர் எனக்கு மெமோ எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கொஞ்ச நாளில் ஓய்வு பெற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டேன்.

கவிதா இதை எழுதச் சொல்லிப் பல தடவை கேட்டாள். டிரைவர் வேண்டும் என்பதற்கு நான்தான் சாட்சியாம். நான் எப்படியம்மா சாட்சி சொல்வேன்? மிசின் பொய் சொன்னது, ஒருவரும் நம்பவில்லை, அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. நான் அன்போடு சொன்னேன், ஒரு மனிதர் அதை அப்படியே நம்பினார். டிரைவர் இல்லாத வண்டி வரட்டும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த வண்டியில் டிரைவர் இல்லாமல் இருந்திருந்தால், கண் தெரியாத பாய் எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் போயிருப்பார்? இரண்டு பக்கமும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் எழுதாமலே இருந்தேன்.

போன மாதம் நூர்ஜஹான் என்னைத் தேடிக்கொண்டு மலை ஏறி வந்தார்.

மகளோடு வாணியம்பாடிக்கே வந்துவிட்டாராம். அந்த ஸ்டேஷன் பெண்ணிடம் என் ஊரைக் கேட்டு, ஷேர் ஜீப் பிடித்து, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஜீப்காரன் அவரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகச் சாலையிலேயே வண்டியை நிறுத்தியிருந்தான். நான் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டட்டும், அதற்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தேன் என்றும் தோன்றியது.

“குந்துங்க பாயம்மா” என்று சொல்ல வந்து, அந்தச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. “உட்காருங்க” என்றேன். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கி மைக்குல இன்னா சொன்னீங்கன்னு கேக்க வந்தேன், டிரைவரே.”

“படம் எல்லாருகிட்டயும் இருக்குதே பாயம்மா. நீங்க பாக்கலியா?”

“பாத்தேன். மொதல்ல உங்க கொரலு கேக்குது. ‘அங்கியே குந்துங்க, எங்கியும் போவாதீங்க’ன்றீங்க. அதுக்குள்ள அந்தப் புளுகுணி நடுவுல வந்துட்றா, அடுத்த ஸ்டேஷன் பேரச் சொல்லிக்கினு. மிச்சம் கேக்கல. எத்தினியோ தபா போட்டுப் பாத்துட்டேன். அந்த மிச்சம் எனக்கு வோணும்.”

“அத்த இப்ப கேட்டு இன்னா ஆவப் போவுது?”

அவர் சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். “அன்னிக்கி கேட்டுல எங்க கார்டு வேல செய்யல. லிஃப்டு ஓடல. அவரு உள்ள பூட்டாரு, என்னிய அந்தக் கேட்டு வுடல. பின்னாடி இருந்தவனெல்லாம் திட்டறான். போன வாட்டியும் லேட்டாயி மிசினு போச்சே, இன்னிக்கும் போவுதேன்னு எனக்கு வெறி புடிச்சிடுச்சி. அவரப் பாத்துக் கத்தினேன். ‘உன்ன இழுத்துக்கினு திரிஞ்சி நான் செத்தேன், நீயே போ, நான் வரமாட்டேன், எங்கனா போய்த் தொலை’ன்னுட்டேன். வழக்கமா சிரிப்பாரு. அன்னிக்கி சிரிக்கல. செவுத்தத் தடவிக்கினே தனியாப் படி எறங்கிட்டாரு.”

எனக்கு அது தெரியாது. பாயம்மா எங்கே என்று நான் கேட்டபோது, பாய் கையை மட்டும் காட்டியது நினைவுக்கு வந்தது.

“நான் வந்து சேர்றவரைக்கும் அந்தப் பெஞ்சில குந்திக்கினு, இவ நெசமாவே வுட்டுட்டுப் போய்ட்டாளோன்னு நெனச்சிக்கினு இருந்தாரா, இல்ல வருவான்னு நெனச்சாரா? அந்தப் பொண்ணுகிட்ட வருவான்னு சொன்னாராம், நெசமா நம்பித்தான் சொன்னாரான்னு தெரியல. அவருகிட்ட கேக்க பயந்துக்கினு நான் கேக்கல. ராவுல பூட்டாரு. அதான் உங்ககிட்ட கேக்கறேன். மிச்சம் இன்னா சொன்னீங்க?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

“காதர் பாய், நான் டிரைவர் பேசறேன், பயப்படாதீங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி அங்கியே குந்துங்க, எங்கியும் போவாதீங்க. பாயம்மா பின்னாடி வண்டில வர்றாங்க. கதவத் தட்டிக்கினு நின்னாங்க, நான் பாத்தேன். உங்கள வுட்டுட்டு அவங்க எங்க போவப் போறாங்க? தோ, வந்துடுவாங்க.”

அவர் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டார்.

“பாயம்மா, ஆட்டோ ரெடியா இருந்துச்சி” என்றேன். “மேடம் ஏற்பாடு பண்ணி இருந்தாங்க. நான் அப்பிடிச் சொல்லாம இருந்திருந்தா...”

“தெரியும். அந்தப் பொண்ணு சொல்லிச்சி. நீங்க சொல்லாம இருந்திருந்தா போயிருப்பாரு, பொழச்சிருப்பாரு. நான் வுட்டுட்டேன்னு நெனச்சிக்கினே பொழச்சிருப்பாரு. எனக்கு உங்க மேல கோவம் வருது டிரைவரே, வர்லன்னு சொல்ல மாட்டேன். கோவத்தோடதான் மலை ஏறி வந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கதவத் தட்டிக்கினு நின்னாங்கன்னு சொன்னீங்களா? அப்பிடியேவா சொன்னீங்க?”

“அப்பிடியேதான்.”

சாலையில் ஜீப்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். நேரமாகிவிட்டது, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று அங்கிருந்தே கத்தினான்.

அவர் எழுந்திருக்கவில்லை. “இன்னொரு தபா சொல்லுங்க” என்றார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.